போனை நட்ட பந்தல்காரர்கள்

ஓணாங்குறிச்சி, ஓணாங்குறிச்சி என்று ஒரு ஊர். அந்த ஊரில் மாசிலாமணி என்று ஒரு பந்தல்காரர். அவரிடம் வேலை பார்க்க மூன்று பேர். நாலு பேரையும் சேர்த்து நிற்க வைத்துப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும், அவ்வளவு நல்லவர்கள். என்ன சொன்னாலும் அதை அப்படியே செய்வார்கள். அதுதான் கஷ்டமே.

ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா, "பந்தலைக் கொஞ்சம் பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நாலு பேரும் பந்தலுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து, கண் கொட்டாமல் அதையே பார்த்தார்கள். அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதை இவர்கள் பார்க்கவில்லை. பார்க்கச் சொன்னது பந்தலை.

தேங்காய் மண்டி ராஜாமணி புதுவீடு கட்டிக் குடிபோனபோது, "யார் வந்தாலும் கும்பிட்டு உள்ள விடுங்க" என்றார். ஒரு எருமை வந்தது. கும்பிட்டு உள்ளே விட்டார்கள்.

அந்த ராஜாமணிதான் இப்போது பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார். ஊரில் பந்தலுக்கு வேறு ஆள் இல்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டு மாசிலாமணியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எங்க வச்சுக் குத்துறதுன்னு எனக்கும் என் மச்சானுக்கும் இன்னும் சண்டை ஓயல. நான் வீட்டு வாசல்லங்கிறேன், அவன் கொளத்தங்கரைக் கோயில்லங்கிறான். நாளைக்குக் காலையில முடிவு பண்ணி, இடத்தைப் போட்டோ புடிச்சு உன் போனுக்கு அனுப்புறேன். சாயங்காலம் விசேஷம், அதுக்குள்ள பந்தல் நிக்கணும். இந்தத் தடவையும் எதாச்சும் பண்ணுனீங்கன்னு வையி, அப்புறம் இந்த ஊர்ல உன் பந்தல் நெழல்ல ஒரு ஆடு கூட ஒதுங்காது."

மாசிலாமணிக்கு வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே படுத்தார்.

விடிந்ததும் கொட்டகைக்கு வந்தார். கொட்டகை என்றால் ஓடு வேய்ந்த ஒரு பழைய கட்டடம். மூங்கில், துணி, நாற்காலி, அண்டா எல்லாம் அங்கேதான் கிடக்கும். மற்ற மூன்று பேரும் முன்பே வந்து நின்றார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் உடையப்பன். மூங்கிலைத் தனியாகத் தோளில் சுமப்பவன் சன்னாசி. கிழிந்த துணியைத் தைப்பதும், குழப்பமான சமயத்தில் தீர்ப்பு சொல்வதும் பேச்சியக்கா.

போன் "டிங்" என்றது.

"இடம் வந்துருச்சு!" என்று மாசிலாமணி போனை உடையப்பனிடம் நீட்டினார். "படிடா."

உடையப்பன் தொண்டையைச் செருமினான். "புதிய... பதிப்பு... வந்துள்ளது. நிறுவவும்."

"காதுகுத்தப் பத்தி?"

"ஒண்ணும் இல்லண்ணே. நிறுவவும். அவ்வளவுதான்."

எல்லோரும் பேச்சியக்காவைப் பார்த்தார்கள். பேச்சியக்கா வெற்றிலையை வாயின் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "பஸ் ஸ்டாண்டுல செலைய வச்சப்ப, செல நிறுவினாங்கன்னுதான் போஸ்டர் அடிச்சான். கட்சிக் கொடிக்கம்பத்த நட்டப்பவும் நிறுவினாங்கன்னுதான் சொன்னான். நிறுவறதுன்னா குழி தோண்டி நடறது."

மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அட, நம்ம தொழிலு!"

சன்னாசி கடப்பாரையை எடுத்துவிட்டான். அதற்குள் போனில் வேறு எழுத்து வந்தது. உடையப்பன் படித்தான்: "போதிய இடம் இல்லை. தேவையற்றவற்றை நீக்கி, இடத்தைக் காலி செய்யவும்."

கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்கள். உண்மைதான், கால் வைக்க இடமில்லை. இதைப் போன் எப்படிக் கண்டுபிடித்தது என்று மாசிலாமணிக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை வருஷமாக அவர் பெண்டாட்டி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எது தேவையில்லாததுன்னு போடலியே?" என்றார்.

"மூங்கிலு வேணும். துணி வேணும். நாற்காலி வேணும்" என்று பேச்சியக்கா கண்ணாலேயே ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு வந்து சன்னாசியிடம் நிறுத்தினாள்.

சன்னாசி தலையைக் குனிந்தான். "எங்க மாமியாரும் அதத்தான் சொல்லும்" என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றான்.

அவன் போன பிறகும் இடம் போதவில்லை என்றே போன் காட்டியது. ஆகவே அவனையே திரும்பக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போடச் சொன்னார்கள். மூங்கில், துணி, நாற்காலி, அண்டா, சீரியல் லைட்டு எல்லாம் தெருவுக்கு வந்தன. சுவரில் இருந்த காலண்டரையும் கழற்றினார்கள். ஒரு பல்லி மட்டும் வர மறுத்தது. அந்த அலைச்சலில் மாசிலாமணியின் கட்டைவிரல் போனில் எங்கெங்கோ பட்டு, அதிலிருந்த பழைய கல்யாண வீடியோக்களெல்லாம் அழிந்துபோயின. போன், "நன்றி. நிறுவத் தயார்" என்றது.

"பாத்தீங்களா? நாம வெளிய தூக்கி வச்சது அதுக்குத் தெரியுது" என்றான் உடையப்பன்.

கொட்டகை நடுவில் சன்னாசி குழி தோண்டினான். மாசிலாமணி போனை அதில் செங்குத்தாக நிறுத்தினார். பாதி வரை மண் போட்டு, காலால் மிதிக்காமல் கையாலேயே மெத்தினார்கள். பேச்சியக்கா நாலு மாவிலையைக் கிள்ளி வந்து சொருகினாள். எந்தக் கம்பத்தை நட்டாலும் அவள் அதைச் செய்யாமல் விடமாட்டாள்.

"புதுசா நட்டதுக்குத் தண்ணி ஊத்தணுமேண்ணே" என்று சன்னாசி குடத்தைத் தூக்கினான்.

"நில்லுடா! தண்ணி ஊத்தச் சொல்லி எழுதியிருக்கா?" என்றார் மாசிலாமணி.

உடையப்பன் குனிந்து பார்த்தான். "இல்லண்ணே."

"எழுதாதத நாம என்னிக்குச் செஞ்சிருக்கோம்?"

சன்னாசி குடத்தைக் கீழே வைத்தான். அந்தப் போன் அன்றைக்குத் தப்பித்தது இப்படித்தான்.

போன் அடுத்ததைச் சொன்னது. உடையப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "நிறுவும்போது... சாதனத்தை... அணைக்க வேண்டாம்."

மாசிலாமணி இரண்டடி பின்வாங்கினார். ராத்திரி முழுக்க அதை அணைத்துக்கொண்டு படுத்தது அதற்கு எப்படித் தெரிந்தது? மூன்று பேருக்கும் முன்னால் மானம் போனது.

"இனிமே அணைக்க மாட்டேன்" என்றார் போனைப் பார்த்து.

சொல்லிவிட்டார். ஆனால் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் ஆசை அதிகமானது. மண்ணுக்குள் பாதி புதைந்து, மாவிலைக்கு நடுவில் அது தனியாக நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கை துறுதுறுத்தது.

"என்னால முடியலடா" என்றார் நெற்றி வியர்க்க. "என்னக் கட்டிப் போடுங்க."

பந்தல் கயிற்றால் அவர் கைகளைப் பின்னால் சேர்த்து, பந்தலுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டான் சன்னாசி. அந்த முடிச்சு புயலுக்கும் அவிழாது. மற்றதில் எப்படியோ, முடிச்சில் மட்டும் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வெகுநேரம் கழித்துப் போனில் இன்னொன்று வந்தது. "மீண்டும் தொடங்கவும்."

உடையப்பன் திரும்பப் படித்தான். அதேதான்.

"முதல்லருந்தா?" என்றார் மாசிலாமணி.

"எதுல தப்புப் பண்ணுனோம்னு தெரியலியே" என்றாள் பேச்சியக்கா. "அந்தப் பல்லியா இருக்குமோ?"

வேறு வழியில்லை. போனைப் பிடுங்கினார்கள். குழியை மூடினார்கள். தெருவில் கிடந்த மூங்கில், துணி, நாற்காலி, அண்டா அத்தனையையும் கொட்டகைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். காலண்டரை மாட்டினார்கள். சன்னாசி வேப்பமரத்தடிக்குப் போய்ச் சோகமாக நின்றுவிட்டு வந்தான். பிறகு அத்தனையையும் மறுபடி தெருவுக்குத் தூக்கினார்கள். இந்தத் தடவை பல்லியையும் விளக்குமாற்றால் தள்ளி வெளியேற்றினார்கள். மறுபடி குழி. மறுபடி மாவிலை.

அப்போதும் போன், "மீண்டும் தொடங்கவும்" என்றே நின்றது. மாசிலாமணிக்கு அழுகை வந்துவிட்டது. கைகள் பின்னால் கட்டியிருந்ததால், "என்னப்பா உனக்குக் கொறை?" என்று அதன் முன்னால் மண்டியிட்டுக் குனிந்தார். மூக்கு அந்த எழுத்தின் மேலே பட்டது.

போன் இருண்டது.

சன்னாசி தலைத்துண்டை அவிழ்த்தான். பேச்சியக்கா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, "பாதி மண்ணு போட்டப்ப பேசுச்சே, பளபளன்னு சிரிச்சுச்சே" என்று மெல்ல ராகம் எடுத்தாள். மாசிலாமணி, தான் ஆசையை அடக்கியதெல்லாம் வீண் என்று நினைத்தார். கட்டி அணைக்காமலே போய்விட்டதே!

திடீரென்று வெளிச்சம். "வணக்கம்!" என்று போன் எழுத்துக் காட்டியது.

சன்னாசி தெருவரைக்கும் ஓடிவிட்டான். மாசிலாமணிக்குக் கும்பிடக் கையில்லை. தலையை மட்டும் தாழ்த்தி, "வணக்கங்க" என்றார்.

கட்டை அவிழ்த்து, போனைத் தோண்டி எடுத்துத் துடைத்து, நாலு பேரும் சுற்றி நின்று புதுப் பதிப்பைப் பார்த்தார்கள்.

"மணி காட்டுற எழுத்து பெருசாயிருச்சுண்ணே."

"கட்டம் கட்டமா இருந்ததெல்லாம் உருண்டை ஆயிருச்சு."

"கலரு நல்லா இருக்கு. நட்ட மண்ணு அப்படி" என்றாள் பேச்சியக்கா.

மாசிலாமணிக்குத்தான் மனசு ஒட்டவில்லை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியவில்லை. "இது நம்ம போனுதானா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில் கண்ணாடி கீறியிருந்தது. எப்போதோ சுத்தியலை அதன் மேல் நழுவவிட்டு அவர் போட்ட கீறல். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

போன் கேட்டது: "பூட்டைத் திறக்க, முகத்தைக் காட்டவும்."

கொட்டகைக் கதவில் பூட்டு திறந்தே தொங்கிக்கொண்டிருந்தது. "தெறக்கணும்னா மொதல்ல பூட்டணும்" என்று பேச்சியக்கா சட்டம் சொன்னாள். எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினார்கள். மாசிலாமணி பூட்டுக்கு முன்னால் போய் முகத்தைக் காட்டினார். பூட்டு அசையவில்லை. உடையப்பன் காட்டினான். பேச்சியக்கா முகம் கழுவி, குங்குமம் வைத்துக்கொண்டு வந்து காட்டினாள். ம்ஹூம்.

"சன்னாசி, நீ சிரிச்சாப்புல காட்டு."

சன்னாசி நன்றாகத் தெரியட்டும் என்று மூஞ்சியைப் பூட்டோடு சேர்த்து அழுத்தினான். துருப்பிடித்த நாதாங்கி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு கதவு திறந்தது, அவன் உள்ளே குப்புற விழுந்தான்.

"ராசியான மொகம்!" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அதே சமயம் மாசிலாமணி, அடுத்து என்ன என்று போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தைக் கண்டதும் அதுவும் திறந்தது.

முன்பு அங்கே அவர் மனைவி படம் இருக்கும். இப்போது ஒரு மலை இருந்தது. பெரிய மலை. உச்சி வெள்ளையாக இருந்தது.

மாசிலாமணி உரக்கச் சொன்னார்: "ராஜாமணி மொதலாளி இடத்த அனுப்பிட்டாருடா!"

அது போன் தானாகப் போட்டுக்கொண்ட படம். ராஜாமணி அனுப்பிய கோயில் போட்டோவோ, உருண்டையாகிப்போன ஏதோ ஒரு பொத்தானுக்குள் கேட்பாரற்றுக் கிடந்தது.

"வீட்டு வாசலும் இல்லாம, கோயிலும் இல்லாம பொதுவா மலையில வச்சுட்டாரு. பெரிய மனுசன் பெரிய மனுசன்தான்" என்றாள் பேச்சியக்கா.

"நம்ம ஊர்ல மலைன்னா நரிக்கரடுதான்" என்றான் உடையப்பன். "ஆனா அது உச்சி மொட்டப் பாறையால்ல இருக்கும்? இதுல வெள்ளையா இருக்கே."

மாசிலாமணி யோசித்தார். "எப்படி வேணும்னு காட்டியிருக்காரு. உச்சி பூரா வெள்ளைத் துணி விரிக்கணும்."

சாமான்களெல்லாம் ஏற்கெனவே தெருவில் கிடந்ததால் ஏற்றுவது சுலபமாக இருந்தது. அதற்கும் போனுக்குத்தான் நன்றி சொன்னார்கள். குட்டியானை என்று ஊரில் சொல்கிற சின்ன லாரியில் போட்டுக்கொண்டு கரட்டடிவாரத்துக்கு வந்தார்கள். உச்சி வெயிலில் மூங்கிலைத் தோளில் ஏற்றி, பாறை பாறையாகத் தாவி, பாதிவழியில் சாமானை இறக்கி வைத்து, அங்கிருந்து உச்சிக்கு ஏறி இறங்கி நாய் படாத பாடு பட்டார்கள். கல்லிடுக்கில் பந்தல்கால் நட்டு, மேலே துணி கட்டினார்கள். உச்சிப் பாறை முழுக்க வெள்ளைத் துணியை விரித்துக் கல் வைத்தார்கள்.

மிச்சத் துணியை எடுக்க எல்லோரும் பாதிவழிக்கு இறங்கி வந்தபோது போன் அடித்தது. ராஜாமணி பெயர் தெரிந்தது. ஆனால் பழைய பச்சைப் பொத்தானைக் காணோம். "பேச, மேலே தள்ளவும்" என்று எழுதியிருந்தது.

"யாரத் தள்ளணும்?" என்றான் சன்னாசி.

"பேசப்போறது அண்ணன். அப்ப அண்ணனத்தான்" என்று பேச்சியக்கா தீர்ப்பு சொன்னாள்.

சன்னாசி மாசிலாமணியின் இடுப்பில் தோளைக் கொடுத்தான். உடையப்பன் முதுகில் கை வைத்தான். இருவரும் தம் கட்டி அவரைக் கரட்டின் மேலே தள்ளிக்கொண்டு போனார்கள். மணி நின்றது. தள்ளுவதை நிறுத்தினார்கள். மணி மறுபடி அடித்தது. மறுபடி தள்ளினார்கள். செருப்பு ஒன்று கழன்று கீழே உருண்டது. முள்ளில் வேட்டி மாட்டியது. உச்சிக்கு வந்து, இதற்கு மேல் தள்ள இடமில்லை என்றானபோது, மாசிலாமணி போனைக் காதில் வைத்து, "சொல்லுங்க மொதலாளி" என்றார். போன் இன்னும் அடித்துக்கொண்டேதான் இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

ஊருக்குள் ராஜாமணி குளத்தங்கரைக் கோயிலில், பந்தலும் இல்லாமல் பந்தல்காரனும் இல்லாமல், சொந்தபந்தங்களோடு சாயங்கால வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவர் மச்சான் பூமிநாதன்தான் முதலில் பார்த்தார்.

"மச்சான், கரட்டு மேல என்ன அது வெள்ளையா?"

ராஜாமணிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்குப் பறந்தார். மூச்சிரைக்க ஏறி, பாதிவழியில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே மிச்சத் துணியை எடுக்க உடையப்பனும் சன்னாசியும் இறங்கி வந்தார்கள். ராஜாமணிக்குக் கோபத்தில் திட்டக்கூட வரவில்லை.

"ஒங்ககிட்ட... கொஞ்சம்... பேசணும்டா" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் மரியாதையாக அவருக்குப் பின்னால் போய், இடுப்பில் தோளைக் கொடுத்து, "ஏறுங்க மொதலாளி, பேசணும்னா ஏறித்தான் ஆகணும்" என்று தள்ள ஆரம்பித்தார்கள். ராஜாமணி கத்தினார், திமிறினார், அவர்களுடைய குலத்தையே திட்டினார். பேச்சு வரவர இவர்களுக்கு நம்பிக்கை வந்தது. இன்னும் வேகமாகத் தள்ளினார்கள்.

உச்சியில் கொண்டுபோய் நிறுத்தியபோது அவரிடம் திட்டு தீர்ந்துபோயிருந்தது. பந்தல் நிழலில் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். மாசிலாமணி ஒற்றைச் செருப்போடு வந்து, போனை நீட்டி மலையைக் காட்டினார்.

"நீங்க அனுப்புன மாதிரியே இருக்குங்களா மொதலாளி? இன்னும் கொஞ்சம் வெள்ளை போடவா?"

ராஜாமணி படத்தைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போது காற்று வந்தது. வயல் தாண்டி, குளம் தாண்டி வந்த காற்று. வெள்ளைத் துணி அலை அலையாக எழுந்து அடங்கியது. கீழே ஊர் முழுதும் தெரிந்தது. அவர் மண்டி தெரிந்தது, வீடு தெரிந்தது. இப்படி ஒரு இடத்தில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

பின்னாலேயே சொந்தபந்தங்களோடு ஏறி வந்த பூமிநாதனும் இடுப்பில் கை வைத்து நின்று சுற்றிப் பார்த்தார். "மச்சான், கோயில்ல வச்சா நீங்க மொகத்தத் தூக்குவீங்க. உங்க வாசல்ல வச்சா நான் தூக்குவேன். இங்கனயே குத்திருவோமா?"

ராஜாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "குழந்தையத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

மாமன் மடியில் உட்கார்ந்த குழந்தை, கீழே எறும்பு போல ஊர்ந்த ஆடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. காது குத்தி முடித்த பிறகுதான் அதற்கு அழ ஞாபகம் வந்தது. ஊர் இந்தக் காதுகுத்தைப் பற்றித்தான் பேசியது. மாசிலாமணிக்கு மாலை போட்டார்கள். "யாருக்குய்யா வரும் இந்த யோசனை?" என்று பூமிநாதனே முதுகில் தட்டி, "எங்க சித்தப்பா வீட்டுல ஒரு கல்யாணம் வருது. அதுக்கும் பந்தல் நீங்கதான். மாப்பிள வீட்டுக்காரங்க நாளைக்கு உங்களுக்குப் போன்ல சேதி அனுப்புவாங்க" என்று சொல்லிப் போனார்.

மறுநாள் காலையில் நாலு பேரும் கொட்டகையில் கூடினார்கள். மாசிலாமணி போனை முகத்துக்கு நேரே தூக்கினார். திறந்தது. மலையைக் காணோம். புதுப் பதிப்பு தினம் ஒரு படம் மாற்றும் போலிருக்கிறது. அன்றைக்கு அதில் இருந்தது ஒரு ஒட்டகம். கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, யாரையும் மதிக்காமல் நின்றது.

நாலு பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள்.

"மாப்பிள போட்டோ அனுப்பிட்டாங்க" என்றார் மாசிலாமணி, குரலைத் தாழ்த்தி.

உடையப்பன் எட்டிப் பார்த்தான். "கொஞ்சம் வயசாயிருக்கும் போலயேண்ணே."

"சும்மா இருடா. நல்ல ஒசரம். மூக்கும் முழியுமா இருக்காரு" என்றாள் பேச்சியக்கா. "முதுகுதான் சித்த கூனல். உக்காந்து பாக்குற வேலையா இருக்கும். ஆமா, பொண்ணு போட்டோ வரலியா?"

"அது நாளைக்கு வரும்" என்றார் மாசிலாமணி.

சன்னாசி வெளியே போய், இருக்கிற மூங்கிலிலேயே நெட்டையானதாகப் பார்த்துத் தோளில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"வாசக்காலத் தூக்கிக் கட்டுவோம்ண்ணே" என்றான். "மாப்பிள தாலி கட்ட வர்றப்ப தலைய இடிச்சுக்கிட்டா நமக்குத்தானே கெட்ட பேரு."